அறுபது அடி

கட்டில் விரிப்பு முதலையின் பல்லை மறைக்கப் போதவில்லை. தலைப் பக்கம் இழுத்துக் கட்டினால் வால் வெளியே தெரிந்தது, வாலை மூடினால் பல் வெளியே வந்தது. படகில் ஒரு காலும் துறைப் பலகையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு ஒடீல் காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வில்பர்ட் தன் சுற்றுலாப் படகின் பக்கவாட்டில் ஆள் வைத்து வரையச் சொன்ன முதலை அது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முன்னங்காலில் வெள்ளை மார்ஷ்மெலோ மிட்டாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்தது. இன்றைக்கு அந்தப் படகில்தான் அவளுடைய அண்ணனின் சவப்பெட்டி போகவேண்டும்.

"இன்னொரு விரிப்பு கொண்டாய்யா" என்றாள்.

"வெள்ளையெல்லாம் தீந்துபோச்சு. பூப்போட்டதுதான் இருக்கு."

"எங்கண்ணன் சாவுக்குப் பூப்போட்ட விரிப்பா?"

"சிரிக்கிற முதலைக்கு அது தேவலாம்ல?" என்றான் வில்பர்ட். கல்யாணத்துக்கு எடுத்த கோட்டைப் போட்டிருந்தான். பொத்தான் ஒன்றுகூட எட்டவில்லை. ஒடீல் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு பூப்போட்ட விரிப்பை எடுக்க வீட்டுக்குள் போனான்.

அவள் அண்ணன் அனத்தோல் முந்தாநாள் மருந்துக்கடை வரிசையில் நின்றபடியே செத்துப்போனான். நெஞ்செரிச்சல் என்று நினைத்து அதற்கு மருந்து வாங்கப் போயிருக்கிறான். கையில் புட்டியோடு சரிந்தவன் எழுந்திருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் முதலைகளைப் படம் எடுத்தவன். அவனுக்கு இப்படி ஒரு சாவு வந்ததை ஊரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாளாகத் தொலைபேசியில் ஒரே கேள்விதான்.

"முதலையா?"

"இல்ல. மாரடைப்பு."

"தண்ணியில இருக்கும்போதா?"

"மருந்துக்கடையில."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு வராது. அந்த மௌனத்தில் இருந்தது துக்கமா ஏமாற்றமா என்று ஒடீலுக்குச் சொல்லத் தெரியும். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் ஒருத்தன் இன்னும் ஒரு படி மேலே போய், பக்கத்தில் ஏதாவது முதலை இருந்ததா என்று கேட்டான். பல்பசை இருந்தது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அழக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடும்பக் கல்லறை, பாயூ என்கிற அந்தச் சதுப்பு ஓடையின் அக்கரையில், சிப்பி மேட்டில் இருந்தது. முன்னே ஒரு மரப்பாலம் இருந்தது. புயலில் போனது, போனதுதான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யார் செத்தாலும் பெட்டி தண்ணீர் வழியாகத்தான் போகும். ஒன்றுவிட்ட தம்பிகளில் யாராவது இறால் படகைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆனால் இந்த வாரம்தான் தடை முடிந்து வெள்ளை இறாலுக்குக் கடல் திறந்திருந்தது. பெரிய படகெல்லாம் வளைகுடாவில். அனத்தோலின் சொந்தப் படகில் அவனும் அவன் கேமராவும் உட்கார்ந்தால் அதற்குமேல் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு இடமிருக்காது. மிச்சமிருந்தது வில்பர்ட்டின் படகு ஒன்றுதான். செத்தாலும் அதில் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று அனத்தோல் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறான்.

மைத்துனர்கள் இருவருக்கும் சண்டை அந்த மிட்டாயால் வந்தது. வில்பர்ட் ஊர் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் மார்ஷ்மெலோவைத் தண்ணீரில் எறிவான். அது மிதக்கும். வெள்ளையாக இருப்பதால் முதலைக்குக் கண்ணில் படும். எஞ்சின் சத்தம் கேட்டாலே பாதி பாயூ தலையைத் தூக்கிக்கொண்டு வரும். வந்தவர்கள் கை நீட்டி, கூச்சல் போட்டு, படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள்.

அனத்தோலுக்கு அது ஆகவே ஆகாது. அறுபது அடி என்பான். அதற்குள் போய் எடுப்பது படமில்லை, வம்பு என்பான். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இதையே சொன்னான். கரையோரம் நாயைக் கூட்டிக்கொண்டு போகாதே, மீன் அறுத்த கழிவை அங்கேயே போடாதே, முதலைக்கும் அதன் குஞ்சுக்கும் நடுவில் நிற்காதே, அது சீறினால் நீ ஏற்கெனவே கிட்டே வந்துவிட்டாய், முகத்தைத் திருப்பாமல் பின்னால் நட. துரத்தினால் வளைந்து வளைந்து ஓடவேண்டும் என்று யூலா அத்தை ஒருமுறை குறுக்கே பேசினாள். "வளைஞ்சு ஓடுறதெல்லாம் கல்யாண ஆட்டத்துக்கு அத்தை. நீ நேரா ஓடு" என்றான்.

அவன் எல்லாவற்றையும் தூரத்திலிருந்துதான் படம் எடுத்தான். ஒடீலின் மகள் மோனிக் கல்யாணத்தில் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னால், கோயிலுக்கு எதிர்ப்பக்கம் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். பெண்ணும் மாப்பிள்ளையும் அவனைத் தேடி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். படம் நன்றாகவே வந்தது, அதைச் சொல்லியாகவேண்டும். ஆனால் கிறிஸ்துமஸ் விருந்துக்கு எல்லாரும் சாப்பிட்டுக் கையலம்பின பிறகு சேற்றுக் காலோடு வந்து நிற்பான். கம்போக் குழம்பு ஆறிப்போய், சோறு விறைத்துப்போயிருக்கும். ஏன் இவ்வளவு நேரம் என்றால் அது திரும்பவில்லை என்பான். எது என்று கேட்கவேண்டியதில்லை.

போன கோடையில் வில்பர்ட்டின் முதலை ஒன்று அடுத்த வீட்டுத் துறையில் ஏறி, மிட்டாய் கேட்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அங்கே நின்றது ஒரு கைக்குழந்தைக்காரி. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயம் விட்டுப்போன முதலையை யாரும் விட்டுவைக்கமாட்டார்கள். ஆள் வந்து சுட்டுத் தூக்கிக்கொண்டு போனான். அதிலிருந்து அனத்தோல் வில்பர்ட்டோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதை மட்டும் நிறுத்தவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "உன் புருஷன உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பான். "உங்கண்ணனுக்குக் கை இருக்குல்ல, எடுத்துக்கச் சொல்லு" என்பான் இவன். ஒடீல் நடுவில் உட்கார்ந்து உப்பைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதனால்தான் காலையிலேயே வில்பர்ட்டிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இன்னிக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். இந்தப் போட்லருந்து ஒரு மிட்டாய் தண்ணியில விழக்கூடாது. ஒருத்தர் கை வெளிய போகக்கூடாது. எங்கண்ணன் சொன்னபடி அவரைக் கொண்டுபோய் எங்கம்மா பக்கத்துல வச்சுட்டு வரணும். அவரைக் கேலிக்கூத்தாக்கிக் கொண்டுபோனேன்னு இருக்கக்கூடாது."

"சரி தாயே."

"மழைக்கு முன்னால முடிக்கணும்."

"மழைகிட்டயும் நீயே சொல்லிரு" என்றான், அவள் காதில் விழாத தூரம் போன பிறகு.

பூசை முடிந்து பெட்டி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆறு பேர் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சுகளுக்கு நடுவே இறக்கினார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் கறுப்பு உடையில் வரிசையாக ஏறி உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் வில்பர்ட் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கொடுத்துக்கொண்டு வந்தான். ஃபாதர் துவான் பூசை உடைக்குமேல் அதை மாட்டிக்கொண்டு வார்களையெல்லாம் இறுக்கிக்கொண்டார். பங்குக்குப் புதிதாக வந்தவர், நீச்சல் தெரியாது. யூலா அத்தை மட்டும் வாங்கமாட்டேன் என்றாள்.

"எனக்கு எண்பது தாண்டியாச்சு. மிதந்து என்ன பண்ணப்போறேன்?"

"நீங்க முழுகிப்போனா இன்னொரு தடவை இதே போட்டை மூடணும் அத்தை. வீட்ல விரிப்பு இல்ல" என்றாள் ஒடீல். அத்தை மாட்டிக்கொண்டாள்.

வில்பர்ட் சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றான். கை தன்பாட்டுக்கு ஒலிவாங்கியை எடுத்தது. தொண்டையைச் செருமினான். "எல்லாருக்கும் வணக்கமுங்க! இன்னிக்கு நாம பாக்கப்போறது..." என்று ஆரம்பித்தவன், ஒடீல் பெஞ்சுகளைத் தாண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து நிறுத்தினான்.

"பழக்கதோஷம்" என்றான்.

"கையை உள்ள வச்சுக்கங்கன்னு மட்டும் சொல்லிட்டு அதைக் கீழ வை."

சொல்லிவிட்டுக் கீழே வைத்தான். எஞ்சின் கிளம்பியது. கொஞ்ச தூரத்துக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஜெபமாலையைத் தொடங்கிய ஃபாதரின் குரல் படகு ஆடும்போதெல்லாம் கொஞ்சம் ஏறி இறங்கியது. இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள் வேர்முட்டி தண்ணீருக்குமேல் தெரிய நின்றன. ஒடீல் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதல் முதலை இடப்பக்கம் நாணலிலிருந்து வந்தது. தண்ணீருக்குமேல் இரண்டு கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, படகின் வேகத்துக்குச் சரியாகக் கூடவே நீந்தியது. அடுத்து வலப்பக்கம் ஒன்று. பின்னால் இரண்டு. வளைவு திரும்புவதற்குள் எண்ண முடியாதபடி சேர்ந்துவிட்டன. ஒன்று பத்தடி இருக்கும். பழைய ஆண் முதலை, முதுகெல்லாம் பாசி.

ஜெபம் நின்றுபோனது.

"மாதாவே" என்றாள் யூலா அத்தை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "வந்திருக்குதுங்க பாருங்க. அனத்தோலை வழியனுப்ப வந்திருக்குதுங்க."

படகு முழுக்க ஒரு விம்மல் எழுந்தது. தடியான ஆண்பிள்ளைகள் மூக்கைச் சிந்தினார்கள். பெட்டி தூக்க வந்தவர்களில் ஒருத்தன் தொப்பியைக் கழற்றி முதலைகளுக்கு மரியாதை செய்தான். ஃபாதர் துவான் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கித் தண்ணீரின் பக்கம் சிலுவை போட்டார். கைபேசிகள் வெளியே வந்தன. வில்பர்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை. நேரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்திருந்தான். காதுமடல் சிவந்திருந்தது.

ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த மோனிக் கம்பிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கைக்கும் பாசி முதலைக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது. ஒடீல் பாய்ந்துபோய் அவள் மிதவைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அம்மா! இதை மட்டும் மாமா பாத்திருந்தாரு..."

"பாத்திருந்தா பெட்டிய விட்டு எந்திரிச்சு வந்து உன்னை அறைஞ்சிருப்பாரு. கையை உள்ள வை."

"அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. இத்தனை வருஷம் அதுங்களோட இருந்தவருல்ல?"

ஒடீலுக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று எல்லாரும் கேட்கும்படி கத்தினாள். "அதுங்க மிட்டாய்க்கு வருதுங்க! இந்த ஆளு தெனமும் மிட்டாய் போடறான், அதுக்கு வருதுங்க! எங்கண்ணன் முகம் ஒண்ணுக்குக்கூடத் தெரியாது. தெரியாம இருக்கணும்னுதான் அவரு அவ்வளவு தூரத்துல உக்காந்திருந்தாரு!"

 யூலா அத்தை பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். "கூடப் பொறந்தவ. துக்கத்துல என்ன பேசறோம்னு தெரியல, பாவம்." நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. யாரோ ஒடீலுக்குத் தண்ணீர் புட்டியை நீட்டினார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சிப்பி மேட்டுத் துறை தெரிந்ததும் வில்பர்ட் வேகத்தைக் குறைத்தான். சுண்ணாம்பு அடித்த கல்லறைகள் மரங்களுக்கு நடுவே தெரிந்தன. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய அறை திறந்திருந்தது. துறைப் பலகையின்மேல், குறுக்கே, ஒரு முதலை படுத்திருந்தது.

பெரியது ஒன்றும் இல்லை. ஏழடி இருந்தால் அதிகம். துறையின் காலடியில் ஆகாயத்தாமரைக்கு நடுவே சாண் நீளத்துக்கு மஞ்சள் வரி போட்ட குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. பொரிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். படகு நெருங்க நெருங்க அவற்றின் கீச்சுச் சத்தம் கூடியது. தாய் தலையை உயர்த்தி வாயைத் திறந்தது. உள்ளே வெளிறிய சதை தெரிந்தது. சீறல் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்டது.

"யாரு இது?" என்றாள் ஒடீல்.

"எனக்குத் தெரியாது" என்றான் வில்பர்ட். பாயூவில் அவனுக்குத் தெரியாத முதலையே இல்லை என்று பயணிகளிடம் பீற்றிக்கொள்கிறவன். "இவ என் போட் பக்கம் வந்ததே இல்ல."

முன்னால் உட்கார்ந்திருந்த ஃபாதர் துவான் மெல்ல எழுந்து பின் பெஞ்சுக்கு வந்தார்.

வில்பர்ட் குனிந்தான். இருக்கைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்று சரசரத்தது. ஒடீல் கேட்பதற்குள் ஒரு பிடி மார்ஷ்மெலோ துறைக்கு இடப்பக்கம் தண்ணீரில் விழுந்துவிட்டது.

"யோவ்!"

"அவளை அந்தப் பக்கம் இழுத்துட்டா நாம இறங்கிரலாம். அஞ்சு நிமிஷ வேலை."

"கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னேன்ல!"

"எப்பவும் அங்கதான் கெடக்கும். எடுத்து வைக்க மறந்துட்டேன்."

துறையில் இருந்தது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளை மிட்டாய் அதன் மூக்குக்கு நேரே மிதந்து போனது. அதற்கு அது மிட்டாய் இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் பின்னால் வந்த கூட்டத்துக்கு அது போதும். படகைச் சுற்றிக்கொண்டு எல்லாம் முன்னால் பாய்ந்தன. வால் அடித்ததில் துக்கத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் நனைந்துபோனார்கள். பாசி முதலை இரண்டு வாய் தின்றது. அப்புறம் தலையைத் திருப்பியது. குஞ்சுகள் கீச்சிடும் பக்கம் மெதுவாக நகர ஆரம்பித்தது. பெரிய ஆண் முதலைக்குக் குஞ்சும் இரைதான் என்று அங்கே இருந்த யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தாய் பலகையிலிருந்து தண்ணீருக்குள் விழுந்தது. குஞ்சுகளுக்கும் பாசி முதலைக்கும் நடுவில் வந்து, உடம்பை உப்பிக்கொண்டு, வாயை மூடாமல் நின்றது. பருமனில் பாசி முதலையில் பாதிதான் இருக்கும் அது.

இத்தனையையும் இந்தப் படகு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பது ஒடீலுக்கு உறைத்தது. அண்ணனுடைய பெட்டியை வைத்துக்கொண்டு, ஜெபம் சொல்லிக்கொண்டு, இவர்களாகவே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

"திருப்புய்யா போட்டை" என்றாள்.

"கல்லறை இங்க இருக்கு ஒடீல்."

"திருப்புன்னா திருப்பு. எஞ்சினை நல்லா சத்தமா விடு." அவன் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எதுக்கு அது?"

"உன் கூட்டத்தை நீ கூட்டிட்டு வந்த. நான் கொண்டுபோய் விடப்போறேன்."

படகு திரும்பியது. ஒடீல் பின்பக்கம் போனாள். பெட்டியைத் தாண்டும்போது நின்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தோடுதான் வந்தது. மூடியின்மேல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏறமாட்டேன்னு சொன்ன போட்ல ஏறி உக்காந்துக்கிட்ட. போடக்கூடாதுன்ன மிட்டாயை உன் தங்கச்சி கையாலயே போட வைக்கிற. சாப்பாட்டுக்குத்தான் நேரத்துக்கு வரல, சாவுக்காவது கொஞ்சம் சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா அண்ணே? நான் என்ன பண்ணுவேன்?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் மிட்டாயை எறிந்தாள். கையைக் கம்பிக்கு உள்ளே வைத்துக்கொண்டே எறிந்தாள். பாசி முதலை நின்றது. யோசித்தது. இரண்டாவது விழுந்த சத்தத்தில் திரும்பியது. மற்றவை அதற்கு முன்பே கிளம்பிவிட்டன. ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சம் தள்ளி எறிந்துகொண்டே போனாள். கல்லறையைப் பின்னால் விட்டுவிட்டு, வந்த வழியே சவப்பெட்டி திரும்பிப் போனது.

"என்னடி பண்ற?" என்றாள் யூலா அத்தை. "புத்தி கித்தி கலங்கிருச்சா?"

"வழியனுப்ப வந்தவங்களை வழியனுப்பறேன் அத்தை."

மோனிக் எழுந்து வந்து அம்மாவின் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை கைபேசியை எடுக்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம், பழைய படகுத் துறைக்கு எதிரே, ஒடீல் மிச்சமிருந்த மிட்டாயையெல்லாம் பையோடு கவிழ்த்துக் கொட்டினாள். தண்ணீர் வெள்ளையாகிப்போனது. கூட்டம் அதில் விழுந்து புரண்டது.

வில்பர்ட் அதற்குள் படகை நழுவவிட்டு எஞ்சினை அணைத்திருந்தான். அவள் சொல்லவில்லை. கூரையிலிருந்து நீளக் கழிகளை இறக்கிப் பெட்டி தூக்க வந்தவர்களிடம் கொடுத்தான். "சத்தம் இல்லாம ஊனுங்கப்பா. இந்த எஞ்சின் சத்தம் கேட்டா திரும்ப வந்துருவானுங்க." கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானும் ஒரு கழியை எடுத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய படகைக் கழி போட்டுத் தள்ளுவது லேசில்லை. மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.  சேற்றிலிருந்து கழி பிடுங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

துறை கண்ணுக்குத் தெரிந்ததும் வில்பர்ட் கையைத் தூக்கினான். கழியைச் சேற்றில் ஆழ ஊன்றிப் படகைக் கட்டினான். தாய் திரும்பப் பலகையில் ஏறிப் படுத்திருந்தது. குஞ்சுகள் காலடியில்தான் இருந்தன.

"இங்க ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டான் பெட்டி தூக்க வந்தவர்களில் ஒருத்தன், கிசுகிசுப்பாக.

"இதுதான் அறுபது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா என் சாப்பாட்டு மேசையில உக்காந்து இதையே சொல்லிக்கிட்டிருந்தாருடா. தெரியாமப் போகுமா?"

பிறகு எல்லாரும் காத்திருந்தார்கள். வெயில் கூரைத் தகரத்தில் இறங்கியது. கறுப்பு உடைக்குள் வேர்த்தது. கொசு மொய்த்தது. தெற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் இந்தக் குடும்பத்தில் ஒருத்தர்கூட இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டார்கள். அனத்தோல் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். அவனுக்குப் பைத்தியம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஃபாதர் துவான் வில்பர்ட்டின் காதருகில் கேட்டார்.

"அது அவ இஷ்டம் ஃபாதர்."

மோனிக் பழக்கத்தில் கைபேசியைத் தூக்கிப் பார்த்தாள். இங்கிருந்து பார்த்தால் திரையில் ஒரு குச்சி கிடப்பதுபோலத்தான் தெரிந்தது. மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் தோளைத் தொட்டாள். குஞ்சுகளில் இரண்டு துறைக் கால் வழியாக ஏறித் தாயின் தலைமேல் போய் உட்கார்ந்திருந்தன. ஒன்று அதன் கண்ணை மிதித்துக்கொண்டு நின்றது. தாய் அந்தக் கண்ணை மூடிக்கொண்டது. 

ஒடீல் பெட்டியின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், அங்கே போய் என்னதான் பண்ணுகிறாய் என்று. அவன் தோளைக் குலுக்குவான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒருநாளாவது கூட வா என்று அவன் கூப்பிட்டிருக்கலாம். ஒருநாளாவது நானும் வருகிறேன் என்று இவளும் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் தாய் எழுந்தது. அவசரப்படவில்லை. பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து, தலையிலிருந்தவற்றோடு அப்படியே தண்ணீரில் இறங்கியது. கீச்சுச் சத்தம் அதன் பின்னால் போனது. நாணல் விலகியது, மூடிக்கொண்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"போயிட்டா" என்றான் வில்பர்ட். கழியைப் பிடுங்கினான். படகு மெதுவாகத் துறையில் போய் ஒட்டியது. தூக்க வந்த ஆறு பேரும் கைகளைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். ஃபாதர் புத்தகத்தைத் திறந்தார். முதல் இடி தூரத்தில் உருண்டது. மழைக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று காலையிலிருந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தவள் ஒடீல்தான். அதனால் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள்.

வில்பர்ட் தூக்க வந்தவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவர்கள் திரும்பப் போய் உட்கார்ந்தார்கள். துறைப் பலகையில் தாய் முதலை வயிற்றை இழுத்துக்கொண்டு போன ஈரத்தடம் ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. நடுவில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.